ரெண்டு பல்லு மேல

மல்லாவிச் சந்தியில் லொறி நிண்டது.
இறக்க நாலு பேர் வேணும் எண்டான் றைவர்.
நானும் மச்சாளும் தேத்தண்ணிக் கடைக்காரரும்,
பிறகு, மனமில்லாமல், அவனும்.

பெட்டிக்குள் இரும்புக் கூடு.
கூட்டுக்குள் முன்சில்லு இல்லாமல்,
ஹாண்டில் மடங்கி, பொலித்தீன் சுத்திக் கிடந்தது
என்ர ரெண்டு காப்பும், மூண்டு வருசத்துக்கு
மாசம் மாசம் வெட்டப்போகிற சம்பளமும்.

"சைனாவோ?"
ஓம், சைனாதான்.
ஜப்பான்காரன்ர விலைக்கு
மாட்டையும் பட்டியையும் சேர்த்து வாங்கலாம்.

பவளராணி மச்சாள் புத்தகத்தை விரிச்சாள்.
சீனன் எழுதின இங்கிலீசு.
அவள் அதைத் தமிழாக்கி வாசிச்சாள்:
"நட்டினை மகிழ்ச்சி வரும்வரை முறுக்குக."
நான் முறுக்கினன்.
"மகிழ்ச்சி வந்ததோ?"
"இன்னும் இல்லை."

கம்பெனிக்காரன் பூட்டினதை நம்பக்கூடாது.
எல்லாத்தையும் கழட்டி, நீலப் பசை தடவி
மறுபடி பூட்டினன்.
எஞ்சின் எண்ணெயை வடிச்சால்
கோப்பை அடியில் இரும்புத்தூள்
மீன் செதில் மாதிரி மினுங்குது.
சில்லுக் கம்பிகளைச் சாவியால் தட்டிக் கேட்டன்,
ஒண்டு மட்டும் செவிட்டுச் சத்தம்.
செயின் மூக்கணாங்கயிறு மாதிரி:
இறுக்கினால் புண், விட்டால் ஓட்டம்.
ரெண்டு விரல் தளர்வு போதும்.

பின்னால் பெரிய தாங்கி ஒண்டு.
அதில் நைதரசன் குடுவை இருக்கும்,
குடுவைக்குள் நூற்றிருபது சாகிவால் காளை
ஊசிக்குழலில் உறைஞ்சு கிடக்கும்.
ஒண்டும் கத்தாது.
இந்தப் பக்கத்துப் பசுக்களுக்கெல்லாம் புருசன்மாரைக்
கொண்டு திரியிறவள் எண்டு என்னைச் சொல்லுறது.
சொல்லட்டும்.
போன மாரியில் ஸ்கூட்டர் சேத்தில் புதைஞ்ச அண்டு
அவையின்ர மாடுகள்தான் சினையில்லாமல் நிண்டது.

பிறகு கியர்.

கியர் இடப்பக்கம்.
என்ர இடக்கால் முழங்காலுக்குக் கீழ
யாழ்ப்பாணத்தில் அளவெடுத்துச் செய்தது.
அதுக்குக் கணுக்கால் மடங்காது.
பவளராணி முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தாள்,
புத்தகத்தில் அதுக்குப் பக்கம் இல்லை.

லீவரைக் கழட்டினன்.
அச்சில் ஒரு பல்லு மேல வைச்சுப் பூட்டினன்.
சப்பாத்து நுனி முட்டுது.
ரெண்டு பல்லு.
இப்ப கால் உள்ளே போகும்.
குதியால் அமத்த ஒரு தகடு வேணும்.
வெல்டிங் கெங்காதரன் பழைய கட்டில் சட்டத்தில்
ஒரு துண்டு வெட்டி ஒட்டித் தந்தார்.
காசு வாங்கேல்லை,
தன்ர நாம்பனுக்கு ஒருக்கா வந்து பார்க்கச் சொன்னார்.

கால் உணராது. தொடைதான் உணர வேணும்.
எழும்பாத வண்டியில் ஏறி இருந்து
ராத்திரி முழுக்க
தொடைக்குச் சொல்லிக்கொடுத்தன்:
ஒண்டு. நடு. ரெண்டு. மூண்டு.

விடிய நாலரைக்கு போன்.
ஐயன்கன்குளத்தில இருந்து:
"அக்கா, சிவலை ராவில இருந்து கத்துது."
மாட்டின்ர பொறுமை அரை நாள்தான்.
அதில் பாதி போயிட்டுது.

பொத்தானை அமத்தினன்.
ரெண்டு தரம் இருமி, மூண்டாந்தரம் பிடிச்சுது.
குதியை வைச்சு அமத்தினன்.

டிக்.

அந்தச் சத்தத்துக்கு என்ர உடம்பு
ஒரு கணம் அப்படியே நிண்டுபோகும்.
பதினேழு வருசமா அப்படித்தான்.
இண்டைக்கும் நிண்டுது.
மூச்சும் நிண்டுது, கையும் நிண்டுது,
படலையடியில் மச்சாளும் நிண்டாள்.

பிறகு கிளச்சை விட்டன்.

கட்டு வழிய செம்மண், தண்ணி பாயிற இடத்தில் கல்லு,
ரயர் கடிச்சுக் கடிச்சுப் போகுது.
ரெண்டு. மூண்டு.
குடுவைக்குள் காளையள் குலுங்குதுகள்.
சேட்டுப் பையுக்குள்
மிஞ்சின போல்ற்று ஒண்டும் குலுங்குது.
அது எங்கத்தையான் எண்டு
எனக்கு இன்னும் விளங்கேல்லை.