பொருள் என்ற கட்டத்தில்

பதினோரு வருஷம்
'கழிவு' என்றுதான் அடித்தேன்.
லாரி எண், வந்த நேரம், காலி எடை, பார எடை,
பொருள்: கழிவு.
ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது.
இனிமேல் 'மண் சீர்திருத்தி' என்று அடிக்கவேண்டுமாம்.
கட்டம் சின்னது.
'மண் சீர்தி'யோடு நின்றுவிடும்.

அதே வெள்ளை மலை.
எண்ணூர்க் காற்றுக்கு அதே மாதிரி கிளம்பி
என் ஜன்னல் கம்பியில், டிபன் பாக்ஸ் மூடியில்,
மாதா படத்துக் கண்ணாடியில்
உட்கார்ந்துகொள்ளும் ஜிப்சம்.
உரம் செய்து முடித்து ஆலை துப்பியது.
எனக்கு வராத பதவி உயர்வு
அதற்கு வந்திருந்தது.

முதல் லோடு எடுக்க வந்தவர் தணிகாசலம்.
மீஞ்சூர் தாண்டி உள்ளே, மூன்று ஏக்கர் களர்.
"காஞ்சா கல்லு, நனைஞ்சா களி.
மழத்தண்ணி பத்து நாளு நிக்கும்மா, எறங்காது.
டிகாஷன் மாதிரி கறுத்துப்போய் நிக்கும்."
சொல்லிக்கொண்டே சீட்டை நாலாக மடித்தார்.
பிறகு கேட்டார்:
"இது ஒண்ணும் செஞ்சிடாதே?"

யாரும் கேட்காத கேள்வி.
ஆய்வகத் தாளை எடுத்துக் கொடுத்தேன்.
ஏழு உலோகங்கள், ஏழு எண்கள்,
கீழே ஊதா முத்திரை: வரம்புக்குள்.
"வரம்புன்னா, நம்ம வரப்பு மாதிரியா?"
அப்படித்தான் என்றேன்.
"வரப்பு வருஷா வருஷம் நகரும்மா" என்று
தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
லாரியில் ஏறினார்.
இருந்தும் எடுத்துக்கொண்டுதான் போனார்.

என் கொழுந்தன் சூசை
கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவன்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
அவனை முழங்கால்வரை இழுக்கும்.
கதையைக் கேட்டுச் சிரித்தான்.
"மண்ணத் திருத்துதாமா?
ஆத்தையும் கொஞ்சம் திருத்தச் சொல்லு அண்ணி."
அது வேறு, இது வேறு என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பாதத்தில் காய்ந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
அவன் காலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தணிகாசலம் போனில் சொன்ன கணக்கு:
ஏக்கருக்கு இரண்டு டன்.
தூவி, உழுது, வரப்பை உயர்த்தித் தண்ணீர் கட்டி
நாலு நாள் நிறுத்தி வடித்துவிட்டால்
உப்பு அந்தத் தண்ணீரோடு கிளம்பிவிடும்.
"எங்கே?"
"வாய்க்காலுக்கு. அங்கேருந்து கொசஸ்தலை."
கொசஸ்தலையாறு எங்கே வந்து சேர்கிறது என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும் கேட்டது.
லாரிக்கு எடைமேடை இருக்கிறது.
ஆற்றுக்கு இல்லை.

தை பிறந்து மூன்றாம் வாரம்,
நாலாவது லோடுக்கு வந்தவர்
ஜன்னல் வழியே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார்.
அரிசி என்று நினைத்தேன். மண்.
"பெசஞ்சு பாரு."
வறுத்த ரவை மாதிரி உதிர்ந்தது.
நடுவில் ஒரு மண்புழு
எந்த ஊர் என்று தெரியாமல் நெளிந்தது.
விளைச்சல்?
"ஒரு ஏக்கர் தேறிச்சு. ஒண்ணு பாதி.
ஒண்ணு அப்படியே கெடக்குது."
ஆய்வறிக்கையில் இப்படி எழுதமாட்டார்கள்.

லாரி மலையடிக்குப் போயிருந்தது. மேடை காலி.
விளையாட்டாகப் பையை நடுவில் வைத்துவிட்டு
ஓடிவந்து திரையைப் பார்த்தேன்.
பூஜ்யம்.
ஐம்பது டன்வரை பார்க்கும் மேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.

ஆனாலும் சீட்டு அடித்தேன்.
லாரி எண்: இல்லை. எடை: பூஜ்யம்.
பொருள் என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டு நின்றது.
பின்னால் எவனோ ஹாரன் அடித்தான்.

மஞ்சள் நகலில் அந்தக் கட்டம்
இன்னும் காலிதான்.

புழுவை என்ன செய்தாய் என்றான் சூசை.
இந்த காம்பவுண்டுக்குள் அதை எங்கே விடுவது?
அவர் பையிலேயே போட்டு
ஊருக்கு அனுப்பிவிட்டேன்,
கேட் பாஸ் இல்லாமல்.