இரண்டாவது தோட்டா

மெடோ லேக்கில் அக்டோபர் கடைசி.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்
ரோசெல் மொரின்.
கடனைத் திருப்பித் தராதவனைக்
காலரைப் பிடித்து இழுத்து வருகிறவள்போல்
கையில் துப்பாக்கி.

"நான்கு போட்டால்
முதல் தோட்டா போகும்.
இரண்டாவது முட்டும்.
மூன்றாவது போகும்.
நான்காவதைப் பற்றிக் கேட்காதே."

என்னைவிட இரண்டு வயது மூத்த துப்பாக்கி.
போல்ட்டின் கைப்பிடி இடப்பக்கம்.
வெற்றுக்கூடு தெறிக்கும் வாசலும் இடப்பக்கம்.
சோற்றாங்கை உலகத்தில்
பீச்சாங்கைக்காரர்களுக்கென்று
யாரோ மனமிரங்கிச் செய்தது.
விலையில் இரக்கம் காட்டியிருக்க மாட்டார்கள்.

அடித்தகட்டைக் கழற்றினேன்.
மடிப்பு ஸ்பிரிங் துள்ளி
என் காப்பிக் கோப்பையில் மோதியது.
அதன் தலையில் தாங்கித் தகடு,
ஒரு பக்கம் மட்டும் மேடு.
அதன்மேல்தான் தோட்டாக்கள்
வலம் இடம் வலம் இடமென்று
கூட்ட நேரப் பேருந்தில் நிற்பவர்கள்போல்
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து
மேலே போகக் காத்திருக்கும்.

மேலே இரண்டு உதடுகள்.
வலது உதட்டில் அரம் பட்ட பளபளப்பு.
இடது உதடு
வெட்டிய அன்றைய கூரோடு அப்படியே.
விரலை வைத்தேன், ரத்தம் வந்தது.

மற்ற எல்லாவற்றையும்
கண்ணாடியில் பார்த்து மாற்றிப் போட்டவர்கள்
கடைசி வேலையை மட்டும்
கைப்பழக்கத்திடம் விட்டிருக்கிறார்கள்.
ஒரே பக்கம் நின்று தேய்த்தே பழகியவன்
வெள்ளிக்கிழமை சாயங்காலம்,
சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கையில்...
இது என் ஊகம்தான்.
ஆனால் எனக்கும் வெள்ளிக்கிழமைகள் உண்டு.

அரத்தில் ஏழு இழுப்பு.
உப்புத்தாளில் பத்து.
அதற்குமேல் ஒன்று கூடினாலும்
தோட்டா தானாகவே எகிறிவிடும்;
தேய்ந்த இரும்பை
யாரும் திரும்ப ஒட்டித் தர முடியாது.

மருந்தில்லாத தோட்டாக்கள் நான்கை இட்டு
போல்ட்டை இழுத்துத் தள்ளினேன்,
என் கைக்குக் கோணலாக.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்கு.
"நான்காவதைப் பற்றி இப்போது கேட்கலாம்."

அவள் வாங்கித் தோளில் வைத்தாள்.
ஒன்று போனது.
இரண்டு
முட்டியது.

ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"இன்னொரு முறை" என்றேன்.
இம்முறை துப்பாக்கியைப் பார்க்கவில்லை,
அவள் மணிக்கட்டைப் பார்த்தேன்.
இரண்டாவதுக்கு முன்னால்
கஞ்சி வடிக்கச் சட்டியைச் சாய்ப்பதுபோல்
வலப்பக்கம் ஒரு சின்னச் சரிவு.
அவளுக்கே தெரியாமல்.
பதினொரு இலையுதிர்காலங்களாக
அந்தச் சரிவுதான்
பாதித் தோட்டாக்களைக் காப்பாற்றியிருக்கிறது.
இப்போது அதே சரிவில்
வழி திறந்த தோட்டா
எதிர் உதட்டில் போய் இடிக்கிறது.

"யார் இப்படிச் சாய்க்கச் சொன்னது?"
"ஒரு மூஸ்."

பீவர் ஆற்றோரம்.
முதல் குண்டு தோளுக்குப் பின்னால் பட்டது.
இரண்டாவது வரவில்லை.
மூஸ் வில்லோப் புதருக்குள் போனது.
"இரண்டு நாள் நடந்தேன்" என்றாள்.
கிடைத்ததா என்று அவள் சொல்லவில்லை.
நானும் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"துப்பாக்கிக்கு முப்பத்தைந்து டாலர்" என்றேன்.
"கைக்கு?"

அதற்கு என்னிடம் அரமில்லை.
மருந்தில்லாத நான்கையும் கொடுத்தனுப்பினேன்.

வெளியே
டிரக்கின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டாள்,
வெறும் வயலைப் பார்த்தபடி,
பனி தூவத் தொடங்கிய பிறகும்.
ஜன்னல் வழியே கேட்டது:
இழுப்பு, தள்ளு.
இழுப்பு,
முட்டல்,
ஒரு கெட்ட வார்த்தை.
மறுபடி முதலிலிருந்து.

ஆறு மணிக்குக் கடைப் பலகையைத் திருப்பினேன்.
வெளி விளக்கை அணைக்கவில்லை.
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே
கல்லாவைக் கணக்குப் பார்த்ததில்
இருபது டாலர் உதைத்தது.

அந்த நான்கு தோட்டாக்கள்
இன்னும் திரும்பி வரவில்லை.