ஒரு கார் அளவு

என்னிடம் கார் இல்லை.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பழைய ஸ்கூட்டி ஒன்று. ஏழரைக்குள்
அதை வெளியே எடுத்தால்தான்
ஓமலூர்ப் பள்ளியில் முதல் மணிக்கு முன்
கையெழுத்துப் போட முடியும்.

அழகாபுரத்தில் எங்கள் குறுக்குத் தெரு
பதினெட்டு அடி.
வீடு கட்டியவர்கள் எல்லோரும்
படிக்கட்டுக்கென்று ஒன்றரை அடி கடன் வாங்கினார்கள்,
திருப்பித் தரவில்லை. நானும்தான்.
மிச்சமிருந்த தெருவில்
என் கேட்டின் பாதியை மறைத்துக்கொண்டு
சித்தேஸ்வரனின் வெள்ளை வேகன் ஆர்.
ஜவ்வரிசித் தரகர். பின்சீட்டில் எப்போதும்
சாம்பிள் மூட்டை, புளித்த மாவு வாசனை.

"ஏனுங்க, கொஞ்சம் முன்னாடி தள்ளி நிறுத்தலாமுங்களே."
"முன்னாடி டிரான்ஸ்பார்மருங்க."
"பின்னாடிங்க?"
"சாக்கடை மூடி ஒடஞ்சு கெடக்குதுங்க."

எங்கள் ஊரில் சண்டையையும்
'ங்க' போட்டுத்தான் ஆரம்பிப்போம்.
அது எப்போது உதிர்கிறது என்பதுதான் கணக்கு.

ஆனியில் ஒரு திங்கட்கிழமை உதிர்ந்தது.
"ரோடு என்ன நீ எழுதி வாங்குனதா?"
"நீ வாங்குனியா?"

பிறகு பேச்சில்லை. பொருள்கள் பேசின.
சிமென்ட் தொட்டியை வாசலோரம் உருட்டி வைத்தேன்.
அவர் அதை ஒரு சாண் நகர்த்தினார்,
உள்ளே நின்ற கற்றாழை ஒடியாமல்.
அவர் வைப்பர்களை நான் தூக்கி நிறுத்தினேன்;
போலீசைக் கண்டவன்போல
இரண்டு கையும் உயர்த்தி நின்றது கார்.
மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால்
பிஸ்கட் அட்டையில் அவர் செல் நம்பர்.
கடைசி எண் ஏழா ஒன்றா தெரியவில்லை.
கேட்கவில்லை.

தூறல் விழும் காலைகளில்
அவர் வண்டியை எடுத்துப் போனதும்
தெருவில் ஒரு காய்ந்த செவ்வகம் மிஞ்சும்.
ஏற்காட்டு மலையை மேகம் மூடியிருந்தாலும்
அது மட்டும் பளிச்சென்று தெரியும்.
ஐந்து நிமிடத்தில் அதுவும் நனைந்துவிடும்.
என் வெற்றியின் நீளம் அவ்வளவுதான்.

ஆடி பிறந்தபோது போன கார் வரவில்லை.
ஒரு நாள். நான்கு நாள். ஒன்பது நாள்.
கேட் முழுசாகத் திறந்தது.
அதன் அடியில் தூங்கிப் பழகிய செவலை நாய்
வெயிலுக்கு இடம் மாற்றி மாற்றிப் படுத்து
என்னையே பார்த்தது.
மகளுக்குப் பேறுகாலம், ஓசூரில் இருக்கிறார்கள்
என்றாள் இஸ்திரி வண்டிப் பச்சையம்மா,
நான் கேட்காமலே.
துணியே இல்லாமல் அங்கே போய் நின்றிருந்தேன்.

மாரியம்மன் பண்டிகைக்கு
எதிர்வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள்.
தருமபுரி நம்பர் இன்னோவா ஒன்று
பின்பக்கமாய் அந்த இடத்துக்குள் நுழைந்தது.
மாவுக் கையோடு ஓடிவந்தேன்.
"இங்க நிறுத்தாதீங்க. எங்க
சித்தேஸ்வரண்ணன் நிறுத்தற இடம்."
டிரைவர் கேட்டான்: "ரோடுதானுங்களே?"
"ஆமாங்க. இருந்தாலுங்க."
அவன் போன பிறகுதான்
என் காதில் விழுந்தது அந்த 'எங்க'.

இருபத்திரண்டாம் நாள் நள்ளிரவு
ஹெட்லைட் வெளிச்சம் என் ஜன்னல் கம்பிகளைச்
சுவரில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி அணைந்தது.
கதவை மெல்லச் சாத்தும் ஓசை.
எழுந்து பார்க்கவில்லை.

காலையில், கார் ஒரு முழம் முன்னால்,
டிரான்ஸ்பார்மர் வேலியைத் தொட்டும் தொடாமலும்.
ஒரு முழம் இருக்காது. முக்கால்.
பிஸ்கட் அட்டையில் ஏழுக்கு நடுவே
புதிதாய் ஒரு குறுக்குக் கோடு.

ஸ்கூட்டியை எடுத்தேன்.
இடது கண்ணாடி கேட்டில் உரசியது.
இடம் இருந்தது; கைதான்
பழைய வளைவை வளைந்துவிட்டது.