முள் நிற்கும் வரை

சீனக்குடா, காலை ஐந்தே முக்கால்.
மாவு ஆலையின் வாசம் இன்னும் என் தலைமயிரில்.
இரவு முழுக்க நாற்பத்தொரு லொறி நிறுத்தேன்,
இருபது தொன், இருபத்திரண்டு தொன்.
இப்போது காலடியில் ஒரு பந்து.
நாற்பத்தாறு கிராம்.
இதை என்னால் நகர்த்த முடியவில்லை.

நகர்த்தினேன், பொய் சொல்லக்கூடாது.
பற்றைக்குள். ஓடுபாதை வேலிக்குள்.
ஒருமுறை, யாரும் பார்க்காதபோது, குடாவுக்குள்.
வாசலில் அடையாள அட்டை பார்க்கும் படைவீரன்
பையைத் தட்டிக் கேட்பான்:
இன்றைக்கு எத்தனை பந்து திரும்பி வரும்?

நோயல் பார்த்தலட் அடிக்கிறான்.
இறங்குதுறையில் வெல்டிங் வேலை.
கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்து,
பந்துக்கும் அவனுக்கும் பழைய காணிவழக்கு ஒன்று
இழுபடுவதுபோல்.
தூரம் போகிறது, இல்லையென்று சொல்லமாட்டேன்,
ஆனால் மான்கள் நிற்கும் பக்கம்.
"காத்து" என்கிறான்.
ஓர் இலை அசையவில்லை.
கச்சான் எழும்ப இன்னும் நாலு மணித்தியாலம்.

எனக்கும் அதே வருத்தம்தான்.
மூதூர் பஸ்ஸில், வளைவில்,
மேற்கம்பியைப் பிடிப்பதுபோல் தடியைப் பிடிக்கிறேன்.
தோள் காதுவரை ஏறுகிறது.
கை முந்தி ஓடுகிறது,
இடுப்பு பின்னாலிருந்து கத்துகிறது:
என்னை விட்டுட்டா போறாய்?

லொறி மேடையில் ஏறியதும் முள் பாயும்,
பத்தொன்பது, இருபத்திமூன்று, பதினெட்டு.
புதுச் சாரதிமார் அந்தரப்படுவார்கள்,
எழுதுங்கோ அக்கா, எழுதுங்கோ.
எழுதமாட்டேன்.
எஞ்சின் அணைய வேண்டும்.
பின்னால் தொங்கும் சங்கிலி ஆடி ஓய வேண்டும்.
பிறகு முள் தானாக வந்து ஓரிடத்தில் உட்காரும்,
அடைக்கோழி முட்டைமேல் உட்காருவதுபோல்,
கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி, சரி.
அதுதான் எடை.
அதற்கு முதல் இருந்ததெல்லாம் சத்தம்.

ஏழாம் குழியில் ஒரு விமானம் இறங்கியது.
தடி தோளுக்கு மேலே போன நேரம்.
அண்ணாந்து பார்க்கவில்லை.
பந்திலிருந்து கண்ணெடுக்காமல்
அது கடக்கட்டும் என்று இருந்தேன்,
ஒரு மூச்சு,
அரை மூச்சு.
தடியின் நுனியில் ஒரு பாரம் இருப்பது
அப்போதுதான் தெரிந்தது.
இவ்வளவு நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது.
அது கீழே வர விரும்பியது.
நான் மறிக்கவில்லை,
நான் செய்தது அவ்வளவுதான்.
இடக்கால் நிலத்தை வாங்கிக்கொண்டது.
இடுப்பு கதவுபோல் திறந்தது.
கை கடைசியாக வந்தது,
எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு
விளக்கை அணைத்துவிட்டு வருகிறவள் போல.

சத்தமா?
போத்தல் மூடி ஒன்று கழன்ற சத்தம்.
கையில் ஓர் அதிர்வும் இல்லை,
பந்தில் பட்டதா என்றே சந்தேகம்.
பந்து, விமானம் போன பெரிய பாதைக்குக் கீழே
தன் சின்னப் பாதையில்,
பனி உலராத புல்லில் இரண்டு தரம் குதித்து
கொடிக்கம்பத்தின் நீண்ட நிழலுக்குள் போய் நின்றது.

நோயல் வாயைத் திறந்தான், மூடினான்.
"என்ன செஞ்ச நீ?"
"நிறுத்தன்" என்றேன்.
எதை நிறுத்தினேன் என்று
வெகுநேரம் யோசித்தபடி நடந்தான்.

எட்டாம் குழியில் அதையே திரும்பச் செய்யப் பார்த்தேன்.
மேலே நின்றேன். எண்ணினேன், ஒன்று, ஒன்றரை.
எண்ணியது பிழை.
பந்து, துருப்பிடித்த எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும்
காட்டுக்குள் போய் எதிலோ மோதி
டங் என்றது.
நோயலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.
"காத்து" என்றேன்.

திங்கள் இரவு. முதல் லொறி.
நனைந்த தார்ப்பாய், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்.
முள் பாய்கிறது.
எழுதுங்கோ அக்கா.
பேனாவை நான் இறுக்கிப் பிடித்திருப்பதைக்
காண்கிறேன், பெருவிரல் வெளுத்துக் கிடக்கிறது.
தளர்த்துகிறேன்,
விழாத அளவுக்கு.