ஒரு மணி நேரமாவது

‘கடந்த ஏழு நாட்களில்
கூலிக்கோ லாபத்துக்கோ
ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா?’

இப்படியேதான் கேட்க வேண்டும்.
சொல் மாறக் கூடாது,
பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று
குதாயிசியில் மூன்று நாள் பயிற்சி.
மதியச் சாப்பாடும் பேருந்துக் காசும் தந்தார்கள்.

பிப்ரவரியில் முதல் தடவை போனேன்.
முழங்கால் வரை சேறு.
லமாரா ஜிக்கியா அடுப்பை ஊதிக்கொண்டே
‘இல்லை’ என்றாள்.
அறை முழுக்கப் பிரிஞ்சி இலைக் கிளைகள்,
நாற்காலியிலும், தொலைக்காட்சி மேலும்.
உருவி உருவி விரல் நுனி பச்சை.
‘அப்போ இது?’
‘இதுவா, சும்மா.
கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா?’
எடுத்துக் கொடுக்கக் கூடாது.
இல்லை என்று தொட்டேன்.
டேப்லெட்டின் திரையில்
அடுத்த கேள்வி வந்து நின்றது.

மே மாதம் கதவில் பூட்டு.
நாய் என்னைக் குரைக்கவும் இல்லை.
சார்ப்பி எல்லை தாண்டி
துருக்கியில் தேயிலை வெட்டப் போய்விட்டாள்,
ஆறு பெண்கள், ஒரு வேன்,
பை கட்டிய கத்தரிகள்.
அவள் வீட்டுக்குப் பின்னாலேயே
ஒரு தேயிலைக் குன்று இருக்கிறது.
கூட்டுப்பண்ணை உடைந்ததிலிருந்து
பெரணியும் முள்ளும் ஏறி,
செடிகள் ஆளுயரம் வளர்ந்து
யாரும் கிள்ளாமல் பூக்கின்றன.
அந்தப் பூவுக்கு மாடுகூட வருவதில்லை.

ஆகஸ்ட்டில் அவளுக்கு நிமிர நேரமில்லை.
‘குனிந்தபடி கேள்’ என்றாள்.
ஹேசல் மரங்களுக்கடியில்
நானும் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு
முப்பத்தெட்டுக் கேள்விகளையும் கேட்டேன்.
போலந்திலிருந்து மகன் கோச்சா
மூன்று வார விடுப்பில் வந்திருந்தான்,
விடுப்பில் வேலை செய்ய.
எல்லா வீட்டிலும் ஆம், ஆம், ஆம்.
திபிலிசியில் யாரோ ஒருவர்
எங்கள் மாவட்டத்தின் கோடு ஏறுவதைப் பார்த்து
நிம்மதியாகக் காபி குடித்திருப்பார்.

வியாபாரி பத்ரி வந்தான்.
சாக்குக்குள் கைவிட்டு
நூறு கொட்டை எண்ணி உடைத்தான்.
பூச்சி குடித்தது பதினேழு,
பொக்கு ஒன்பது.
அந்த நூறுக்காக
நாற்பது சாக்கின் விலையும் இறங்கியது.
‘மேலே இருந்தே எடுக்கிறாயே,
அடியில் கைவிட்டுப் பாரேன்’ என்று கோச்சா கத்தினான்.
நான் வாயைத் திறக்கவில்லை.
மாவட்டத்துக்கு இத்தனை வீடு என்று
என் பட்டியலையும்
ஒரு கைதான் அள்ளிப் போட்டது.

நவம்பர். கோச்சா போய்விட்டான்.
பத்ரி ஆள் எடுப்பான் என்று
மூன்று நாள் விடியலில் சாலைமுனையில் நின்றாளாம்.
வேன் வரவில்லை.
நின்றதை எங்கே குறிப்பாய் என்று கேட்டாள்.
குறிக்க இடமில்லை.

‘கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா?’

சிரித்தாள்.
‘தேடுவானேன்? தொலைந்தால்தானே தேட வேண்டும்.
எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.
மே மாதத்தில் இருக்கிறது.’

தேடவில்லை என்று தொட்டேன்.
தேடாதவர்
வேலையற்றவர் கணக்கிலும் வரமாட்டார்.
அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.
அடுத்த காலாண்டில் இந்த வீடு
பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.
என் ஒப்பந்தமும் டிசம்பர் வரைதான்.

கிளம்பும்போது ஒரு பை நிறைய
பிரிஞ்சி இலையை நீட்டினாள்.
அன்பளிப்பு வாங்கக் கூடாது என்றேன்.
‘அப்படியானால் காசு கொடு.’
இரண்டு லரி கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
மடித்து மேலங்கிக்குள் வைத்தாள்.
‘இப்போது எழுது.
லமாரா, ஒரு மணி நேரம்.’

டேப்லெட்டைத் திறந்தேன்.
சமர்ப்பித்த படிவத்தைத் திருத்த இயலாது.

சுக்திதிக்குப் போகும் பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரர்
என்ன மணக்கிறது, சமையல்காரியா என்று கேட்டார்.
டிசம்பருக்குப் பிறகு கேளுங்கள் என்றேன்.