பெட்டியில் ஒட்டிய பூமி

கான்ஸ்டான்ட்ஸா துறைமுகத்திலிருந்து
ரோடிக்கா அனுப்பிய கடிதத்தை
செல்போன் இப்படித் தமிழாக்கியது:
"உங்கள் பெட்டிகளின் அடியில்
பூமி ஒட்டியிருக்கிறது.
அகற்றும்வரை சரக்கை விடமாட்டார்கள்."

பர்கூர் ஆபீஸில்
தனியாகச் சிரித்தேன்.
ஏழு மரப்பெட்டி, பாரடைஸோ கல்,
மூவாயிரத்துச் சொச்சம் சதுர அடி.
கூடவே ஒரு பூமி.
எடைச்சீட்டில் அதை நான் ஏற்றவில்லையே.

பமுந்த். அவள் எழுதிய சொல்.
மண் என்றாலும் அதுதான்
நிலம் என்றாலும்
சூரியனைச் சுற்றும் உருண்டை என்றாலும்.
சாப்பாட்டு நேரத்தில் வேரைத் தேடினேன்:
லத்தீனில் அது
திமிசு போட்டு இறுக்கிய தளம்.
அதற்கும் கீழே ஒரு வினை மட்டும் கிடந்தது,
அடி.

வீட்டுக்குள் கிடந்த தரை
எந்த நூற்றாண்டிலோ வாசல் தாண்டி
வயலுக்குப் போய், மலைக்குப் போய்
உலகமாகிவிட்டது.

நம்ம தரை எதிர்த்திசையில் வந்தது.
வடமொழியில் அது உலகம்.
இங்கே வந்து
மாப் போட்டுத் துடைக்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.
நடுவழியில் ஏதோ ஒரு செக்போஸ்ட்டில்
இரண்டும்
ஒன்றையொன்று பார்க்காமல் கடந்திருக்கும்.

லாரியடியில் படுத்திருந்த நயாஸைக் கேட்டேன்.
"ஜமீன்தான், எல்லாத்துக்கும்."
முனிரத்னம் கட்டரை நிறுத்தாமலே கத்தினார்:
"நேல! படுக்கறதும் நேல, உழறதும் நேல.
அதுக்கு என்னம்மா இப்போ?"

அதுக்கு ஒன்றுமில்லை.
மலையை வெடிவைத்து, அறுத்து,
முகம் தெரியத் தேய்த்து
யார் வீட்டுக்கோ தரையாக அனுப்புகிறோம்.
அந்தத் தரையில் நின்று
ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி
அவர்கள் பமுந்த் என்னும்போது
அதற்குள்ளும் யாரோ அடித்த தரை.

பதில் எழுதினேன்: "மன்னிக்கவும்.
கழுவும் செலவு எங்கள் கணக்கில்."
அடுத்த பில்லில் சதுர அடி என்று தட்டும்போது
விரல் கொஞ்சம் நின்றது.
எந்த அடி?
காலா, கைவேலையா, கடைசியா?
ஒரே வேர்தானா என்றுகூட எனக்குத் தெரியாது.

வெளியே புதுப்பெட்டிகளைத் தூக்கி நிறுத்தி
முனிரத்னம் ஹோஸால் அடித்துக்கொண்டிருந்தார்.
செம்மண் கரைந்து சரிவில் ஓடியது.
ஏழாவது பெட்டிக்கு வரும்போது
டேங்கில் தண்ணீர் தீர்ந்துவிட்டது.
மூலையில் ஒரு விரல்கடை
பூமி இருக்கிறது.
பார்த்தார்.
ஆணி அடிக்கச் சொல்லிவிட்டார்.