கால் அளவு

சனி இரவு பதினொன்றரைக்கு
பார்ரா ஃபுண்டாவில் பேருந்து ஏறினால்
விடியும்போது இரண்டு பக்கமும் கரும்பு.
மடியில் டப்பா.
ஒளிவுமறைவில்லாத டப்பாதான் உள்ளே போகும்.
கோழியில் எலும்பு கூடாது.
கேக்கை நானே துண்டுபோட்டுவிட வேண்டும்,
இல்லையென்றால் அவர்கள் குத்திப் பார்ப்பார்கள்.
நாப்கின்களை உறை பிரித்து, எண்ணி,
கண்ணாடிப் பையில்.
முதல் மாதம் மருந்துக் கடைப் பெண்
எது வேண்டும் என்று கேட்டபோது
"என் அக்காவுக்கு" என்றேன்.
அவள் கேட்டது அதுவல்ல.
இப்போது கூச்சமில்லை:
இறக்கை வைத்தது, பதினாறு.

சாலைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சிறை.
அங்கே இருட்டிலேயே முந்நூறு பெண்கள்,
மனைவிகள், அம்மாக்கள், இடுப்பில் பிள்ளைகள்.
காப்பிக்காரன்கூட அங்கேதான் கடை விரிக்கிறான்.
இந்தப் பக்கம்
எண்ணூறு பெண்களைப் பார்க்க
நாங்கள் பதினொரு பேர்.
டோனா ஒடிலாவுக்கு மகன் அங்கே, மகள் இங்கே.
ஒரு வாரம் அந்த வரிசை, ஒரு வாரம் இது.
"அங்கே இடத்துக்குச் சண்டை,
இங்கே நிழல்கூட மிச்சம்" என்பாள்.

ஜுசாராவின் கணவன் இரண்டு முறை வந்தான்.
மூன்றாம் முறை வேலை என்றான்.
நான்காம் முறை நான் கேட்கவில்லை.

கடிதம் எனக்கு வராது.
டயருக்கு ஒட்டுப்போடுகிறவன் நான்.
முதல் கடிதத்தில், நலம், நலமா,
இங்கே மழை என்று எழுதினேன்.
பதில் வந்தது:
"மழை என்றால் எப்படிப்பட்ட மழை?
எங்கே ஒழுகியது? என்ன பாத்திரம் வைத்தாய்?
இந்த மாதிரி எழுதுவதானால்
தபால்தலையை மிச்சம் பிடி."
ஆகவே எழுதினேன்:
குளிர்பெட்டிக்கு மேலே, பழைய இடத்தில்தான்.
பிடி உடைந்த பால் சட்டி.
முதலில் டங் என்றது, நிறைய நிறைய டொப்.
நாய் ஒவ்வொரு சொட்டுக்கும் குரைத்தது.
மூன்று பக்கம் ஆனது. கை வலித்தது.

மயீராவைக் கூட்டிவராதே என்றுவிட்டாள்.
சோதனை அறையைப் பிள்ளை பார்க்க வேண்டாம்.
அதனால் கடைசித் தாளில்
மயீராவின் காலை வைத்துப்
பென்சிலால் சுற்றி வரைந்தேன்.
சுண்டுவிரலிடம் கிச்சுக்கிச்சு,
கோடு அங்கே துள்ளியிருக்கும்.
அந்தத் தாள் திரும்பி வந்தது.
"இது என்ன இடத்தின் வரைபடம்?" என்று
சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள்.
அடியில் எழுதி மறுபடி அனுப்பினேன்:
ஆறு வயது. இடது கால்.

மூன்று மாதம் கழித்து
மஞ்சள் நூலில் காலுறை வந்தது, அவள் பின்னியது.
குதிகாலுக்கு ஒரு விரல் குறைச்சல்.
தபால் நடந்த தூரத்தில் கால் வளர்ந்துவிட்டது.
மயீரா பாதிக் காலில் மாட்டிக்கொண்டு
அதோடேயே தூங்கினாள்.
நான் அக்காவிடம் மூச்சுவிடவில்லை.
சின்னவள் எழுதிவிட்டாள்,
பெரிய எழுத்தில், தப்பும் தவறுமாக:
அம்மா, போதலை.

போன ஞாயிறு ஜுசாரா
மேசைமேல் கட்டைவிரலைப் படுக்கவைத்தாள்.
"தபாலுக்கு நாற்பது நாள்,
அவர்கள் மேசையில் இருபது,
நூல் கிடைக்க ஒரு மாதம்.
எல்லாம் கூட்டி இவ்வளவு விட்டுப் பின்னினேன்.
சரியா இருந்ததா?"

இருக்கவில்லை.
நடந்தால் முன்னால் மடங்குகிறது,
ஓடுதரையில் வழுக்கி
மயீரா சனிக்கிழமை விழுந்தாள், எழுந்து சிரித்தாள்.
இதை மழையைப் போலவே
ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கலாம்.
"அச்சாக இருந்தது" என்றேன்.
என் முகத்தையே பார்த்தாள்.
பிறகு கோழியில் ஒரு துண்டு எடுத்து
எனக்கு வைத்தாள்.

திரும்பும் பேருந்தில் காலி டப்பா உருள்கிறது.
இன்னும் இரண்டு வருடம் நான்கு மாதம்.
செருப்புக் கடைக்காரனிடம் கேட்டேன்:
அதற்குள் நாலு நம்பர் ஏறுமாம்,
பெண் பிள்ளை என்றால் ஐந்துகூட.